விலை குடுக்கிறது நீங்க, வக்கீல் யாரோட ஆளு?

சொத்து, பத்திரம், பட்டா பத்தி வாசகர்கள் கேக்குற கேள்விக்கு நம்ம வக்கீல் பதில் சொல்ற பகுதி இது. இந்த தடவை வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் சுத்தி சுத்தி வருது, இடம் வாங்கப்போறோம், பத்திரம் பாக்க யாருகிட்ட போறதுன்னு. அதனால அதையே மொத்தமா எடுத்துக்கிட்டோம்.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் ஐடி வேலை. கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு லேஅவுட்ல 1,200 சதுர அடி மனை பாத்திருக்கோம். புரோமோட்டர் ஆபீஸ்ல "எங்க வக்கீல் குடுத்த லீகல் ஒப்பீனியன் இருக்கு, காப்பி தர்றோம், பேங்க்கும் அப்ரூவ் பண்ணிருக்கு, நீங்க எதுக்கு தனியா வக்கீல் வச்சு செலவு பண்றீங்க"ன்னு கேக்குறாங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கு. தனியா வக்கீல் வேணுமா?
— வாசகி, குரோம்பேட்டை

வேணும்மா. மாப்பிள்ளை எப்படின்னு விசாரிச்சுட்டு வாங்கன்னு மாப்பிள்ளையோட சித்தப்பாவையே அனுப்புவீங்களா? அந்த ஒப்பீனியன், அதாவது பத்திரங்களைப் பாத்து வக்கீல் எழுதிக் குடுக்கிற கருத்து, பொய்யின்னு நான் சொல்ல வரல, நிறைய இடத்துல சரியாவே இருக்கும். ஆனா அந்த வக்கீலுக்கு ஃபீஸ் குடுக்கிறது புரோமோட்டர். நாளைக்கு ஒரு வில்லங்கம் வந்து நிக்கிறப்போ "நான் அவருக்குத்தானே எழுதிக் குடுத்தேன், உங்களை யாருன்னே எனக்குத் தெரியாதே"ன்னு அவர் சொன்னா அதுல தப்பும் இல்ல. ஒரு விஷயத்துல ஒரு தரப்புக்கு வேலை பாத்த வக்கீல் அதே விஷயத்துல எதிர்த்தரப்புக்கு வேலை பாக்கக்கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு, அப்புறம் எப்படி அவரே உங்களுக்கும் பாத்துக் குடுத்ததா ஆகும்?

பேங்க் அப்ரூவல் கதையும் இதே ரகம்தான். பேனல் வக்கீல், அதாவது பேங்க் தன் லிஸ்ட்ல வச்சிருக்கிற வக்கீல், பேங்க்குக்காக பாக்குறாரு, ரிப்போர்ட்டும் பேங்க்குக்குத்தான் போகுது, ஃபீஸ் மட்டும் உங்க கணக்குல பிடிச்சிடுவாங்க. அதோட பேங்க்குக்கு அந்த மனை ஒண்ணு மட்டும் பிடிமானம் இல்ல, உங்க சம்பளம் இருக்கு, ரெண்டு பேர் கையெழுத்து இருக்கு, மனையில கேஸ் வந்தாலும் இஎம்ஐ மாசாமாசம் போய்க்கிட்டேதான் இருக்கும். லோன் கிடைச்சிருச்சுன்னா டைட்டில் (சொத்து மேல உள்ள உரிமை) கிளியர்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அதை விட்டுடுங்க. பேனல் வக்கீல் ரிப்போர்ட்டோட காப்பிய கேட்டு வாங்கி வச்சுக்கங்க, உங்க வக்கீலுக்கு உபயோகப்படும்.

புரோமோட்டர் தர்ற காப்பிய கையில வாங்குனதும் கடைசி பக்கத்த மொதல்ல படிங்க. முன்னாடி பத்து பக்கம் யாரு யாருக்கு வித்தாங்கன்னு வரலாறு ஓடும், விஷயம் எல்லாம் கடைசில "மேற்படி ஆவணங்களின் நகல்களை மட்டும் பார்வையிட்டு", "கீழ்க்கண்ட அசல்களை சமர்ப்பிக்கும் பட்சத்தில்" அப்படின்னு ரெண்டு வரில இருக்கும். அந்த "பட்சத்தில்" நடந்துச்சா இல்லையான்னு யாருமே கேக்க மாட்டாங்க. தேதியும் பாருங்க, ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஒப்பீனியன்னா அதுக்கப்புறம் நடந்த எதுவும் அதுல இருக்காது.

சரி நல்ல வக்கீல்னு எப்படி கண்டுபிடிக்கிறது? கையில இருக்கிற பத்திரக் கட்டை அவர் மேஜையில வச்சுட்டு, அவர் என்ன திருப்பிக் கேக்குறாருன்னு கவனிங்க. புரட்டிப் பாத்துட்டு அரை மணி நேரத்துல "எல்லாம் கிளியரா இருக்கு சார், தாராளமா வாங்கலாம்"னு சொல்றவர்கிட்ட இருந்து கட்டை எடுத்துக்கிட்டு வந்துடுங்க. வேலை தெரிஞ்சவர் ஒரு லிஸ்ட் போட்டு கையில குடுப்பாரு. தாய்ப்பத்திரம் (இதுக்கு முந்தின பத்திரம்) அசல் எங்க, 30 வருஷ ஈசி (வில்லங்கச் சான்றிதழ்) எங்க, பட்டா ஆன்லைன்ல இருக்கிறது சரி, யூடிஆர் சர்வேக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்ச வேலை) முந்தின அ-பதிவேட்டுல (கிராம நிலக் கணக்கு) இந்த சர்வே நம்பர் என்னவா இருந்துச்சு, பஞ்சமி நிலமா (பட்டியல் சாதியினருக்குன்னு அரசாங்கம் ஒதுக்குனது) அனாதீனமா (கேட்பாரில்லாம அரசாங்கத்துகிட்ட இருக்கிறது) மேய்ச்சல் புறம்போக்கா கோயில் நிலமா, லேஅவுட் ரோடு பார்க் எல்லாம் பஞ்சாயத்துக்கு தான செட்டில்மென்ட் ஆயிருச்சா, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் நம்பர் என்ன, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இருக்கா. உங்க பக்கம் செங்கல்பட்டு மாவட்டத்துல பஞ்சமி நிலம் நிறைய இருக்கிறதால அந்த பழைய அ-பதிவேடு கேக்காத வக்கீல் வேண்டவே வேண்டாம், 1980கள்ல யூடிஆர் நடந்தப்போ வகைப்பாடு மாறிப்போன நிலம் எவ்வளவோ இருக்கு, புது பட்டாவுல அது ஒண்ணுமே தெரியாது.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் அடிக்கடி மாட்டுறது. உதாரணத்துக்கு ஈசில 1996ல அண்ணன் தம்பி ரெண்டு பேர் சேர்ந்து வித்ததா ஒரு பதிவு இருக்குன்னு வைங்க. பத்திரத்துல "எங்கள் தகப்பனார் சுயார்ஜிதமாகக் கிரயம் பெற்று அனுபவித்து வந்து காலமாகிவிட்டபடியால்"னு ஒரு வரி. படிக்கிறவங்க அதைத் தாண்டிப் போயிடுவாங்க. தெரிஞ்ச வக்கீல் அந்த வரியிலயே நின்னுடுவாரு. அப்பா உயில் எழுதாம போயிருந்தா பொண்டாட்டி, பசங்க, பொண்ணுங்க எல்லாருக்கும் சமபங்கு, இது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துல இருந்தே இருக்கு. அப்போ வாரிசு சான்றிதழ் எங்க? வாங்கிப் பாத்தா அதுல ஒரு அக்கா பேர் இருக்கும், கிரயத்துல அவங்க கையெழுத்து இருக்காது. கேட்டா புரோக்கர் சிரிச்சுக்கிட்டே "அவங்க சிங்கப்பூர்ல செட்டில் சார், இதெல்லாம் கேக்க மாட்டாங்க"ன்னுவாரு. இவரு கேக்க மாட்டாங்கன்னு சொல்றதுக்கும் அவங்க தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுக்கிறதுக்கும் நடுவுலதான் உங்க முப்பது லட்சம் நிக்குது.

எல்லாத்தையும் விட முக்கியம், வக்கீல்கிட்ட போறது அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி. "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு, இன்னைக்கே டோக்கன் போடுங்க"ன்னு நெருக்குனா அந்த இன்னொரு பார்ட்டியே வாங்கிக்கட்டும்.

கேள்வி: என் தங்கச்சி மெல்போர்ன்ல வீடு வாங்குனா. கன்வேயன்சர்னு லைசென்ஸ் வாங்குன ஒருத்தரே ஆரம்பத்துல இருந்து சாவி கைக்கு வர்ற வரைக்கும் எல்லாம் பாத்துக்கிட்டாராம். நம்ம ஊர்ல பத்திர எழுத்தர் அந்த மாதிரிதானே? அவர்கிட்டயே எல்லாம் குடுத்துடலாமா?
— வாசகர், மதுரை

இல்லண்ணே, ரெண்டும் வேற வேற. அங்க அரசாங்கப் பதிவேட்டுல உங்க பேர் ஏறிடுச்சுன்னா நீங்கதான் ஓனர்னு அரசாங்கமே பொறுப்பேத்துக்குது. நம்ம ஊர்ல சார்பதிவாளர் பதிவு பண்றது பத்திரத்தை மட்டும்தான், உரிமையை இல்ல. ரெண்டு பேர் வந்து விக்கிறேன் வாங்குறேன்னு சொன்னா, சட்டத்துல தடை எதுவும் இல்லைன்னா, பதிஞ்சு குடுத்துடுவாரு, விக்கிறவருக்கு நிஜமாவே உரிமை இருக்கான்னு பாக்குறது வாங்குறவன் தலையில. ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே பதிஞ்சாச்சு அப்புறம் என்னன்னு நினைக்கிறது இதனாலதான் ஆபத்து.

பத்திர எழுத்தருக்கும் லைசென்ஸ் உண்டு, தமிழ்நாடு ஆவண எழுத்தர் உரிம விதிகள்னு 1982ல வந்தது. ஆவணம் எழுதுனவர் பேரும் லைசென்ஸ் நம்பரும் பத்திரத்துலயே வரணும். ஆனா அவர் வேலை எழுதுறது, ஆன்லைன்ல ஏத்துறது, டோக்கன் போடுறது, கட்டணம் கணக்குப் போடுறது. விக்கிறவருக்கு உரிமை இருக்கான்னு அவர் ஆராய்ச்சி பண்ண வேண்டிய அவசியம் இல்ல, பண்ணவும் மாட்டாரு. அதுக்காக அவரைக் குறைச்சு சொல்லல. அந்த சார்பதிவாளர் ஆபீஸ் எல்லைல பல வருஷமா உக்காந்திருக்கிற நல்ல எழுத்தருக்கு எந்த சர்வே நம்பர் பிரச்சனை, எந்த நம்பரைப் பதியக்கூடாதுன்னு பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவுல லாக் பண்ணி வச்சிருக்காங்க, எந்த தெருவுக்கு வழிகாட்டி மதிப்பு (அரசாங்கம் நிர்ணயிச்ச விலை) தப்பா ஏறியிருக்குன்னு விரல் நுனியில இருக்கும், இது சிட்டில பெரிய ஆபீஸ் வச்சிருக்கிற வக்கீலுக்குக் கூட தெரியாது. வக்கீல் டைட்டில் பாக்கட்டும், எழுத்தர் எழுதட்டும், எழுதுனதை வக்கீல் மறுபடி பாக்கட்டும்.

எழுத்தர் நல்லவரான்னு தெரிஞ்சுக்கணும்னா அவர் எழுதுற சொத்து விவரத்தைப் பாருங்க. சோம்பேறி எழுத்தர் பழைய பத்திரத்துல இருக்கிற நாலு எல்லையை அப்படியே காப்பி அடிப்பாரு. "வடக்கே இன்னார் புன்செய்"னு இருக்கும், அந்த இன்னார் எப்பவோ வித்துட்டு அந்த இடத்துல இப்போ 30 அடி ரோடு போகுது. கெட்டிக்காரர் "பழைய பத்திரத்தின்படி இது, தற்போது இது"ன்னு ரெண்டையும் போடுவாரு, பழைய சர்வே நம்பர் புது உட்பிரிவு நம்பர் ரெண்டையும் போடுவாரு, நாலு பக்க அளவையும் எஃப்எம்பி ஸ்கெட்ச்ல (சர்வே துறையோட நில வரைபடம்) வச்சு கூட்டிப் பாப்பாரு. இதுல ஒரு நம்பர் தப்பானா பிழைதிருத்தல் பத்திரம் போடணும், அதுக்கு வித்தவர் மறுபடி வந்து கையெழுத்து போடணும், காசு வாங்கிட்டுப் போன மனுஷன் எத்தனை தடவை வருவாருன்னு உங்களுக்கே தெரியும்.

கேள்வி: வக்கீல் ஃபீஸ் எவ்வளவு இருக்கலாம்? ஒருத்தர் சொத்து மதிப்புல 1% கேக்குறாரு. இன்னொருத்தர் "ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேத்து பேக்கேஜ்"னு ஒரு தொகை சொல்றாரு.
— வாசகர், திருச்சி

டைட்டில் பாக்க இவ்வளவு, பத்திரம் தயார் பண்ண இவ்வளவு, பதிவன்னைக்கு கூட வர இவ்வளவுன்னு வேலை வேலையா பிரிச்சு சொல்றவர்தான் நல்லது. சதவீதம் பேசுறது எனக்குப் பிடிக்காது, இருபது லட்சம் மனைக்கும் ரெண்டு கோடி வீட்டுக்கும் புரட்டுற பேப்பர் சில நேரம் ஒண்ணுதான். அதைவிட மோசம், "கிரயம் முடிஞ்சப்புறம் குடுங்க சார், இப்போ வேண்டாம்"னு பெருந்தன்மையா சொல்றது. அப்போ கிரயம் நின்னுபோனா அவருக்கு ஒண்ணும் இல்ல. வேண்டாம்னு சொல்ல வேண்டிய இடத்துல அந்த வாய் எப்படி வேண்டாம்னு சொல்லும்? வாங்காதீங்கன்னு சொன்னாலும் ஃபீஸ் உண்டுங்கிற ஆள்கிட்ட போங்க. புரோக்கர் கூட்டிட்டுப் போற வக்கீலையும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டாங்கிறேன்.

பேக்கேஜ்ல அரசாங்க கட்டணம் எது அவர் ஃபீஸ் எதுன்னு தெரியவே தெரியாது. கணக்கை நீங்களே போடலாம். கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%, 2023 ஏப்ரல்ல 4%ல இருந்து இறக்குனது, கூடவே வழிகாட்டி மதிப்பையும் ஏத்திட்டாங்கங்கிறது தனிக்கதை. வழிகாட்டி மதிப்பு, நீங்க குடுக்கிற விலை, ரெண்டுல எது கூடவோ அதுக்கு. 60 லட்சத்துக்கு வாங்குனா 4,20,000 பிளஸ் 1,20,000, ஆக 5,40,000. இதை பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளம் வழியா ஆன்லைன்லயே கட்டலாம், ரசீது உங்க பேர்ல வரும். 50 லட்சமோ அதுக்கு மேலயோ போனா, விக்கிறவருக்குக் குடுக்கிற பணத்துல 1% டிடிஎஸ் (வருமான வரி) பிடிச்சு நீங்கதான் கட்டணும், அதை ஞாபகப்படுத்தாத வக்கீலும் இருக்காங்க. இதுக்கு மேல "ஆபீஸ் செலவு"ன்னு ஒரு தொகை சொல்லுவாங்க பாருங்க, அது யாருக்கு எதுக்குன்னு கேளுங்க, பதில் சொல்ற முகத்துலயே ஆளைத் தெரிஞ்சுக்கலாம்.

கேள்வி: பட்டா விக்கிறவர் பேர்லயே இருக்கு, ஈசியும் "நில்", அதாவது ஒரு வில்லங்கமும் இல்ல. அப்புறம் வக்கீல் எதுக்கு?
— வாசகர், தர்மபுரி

பட்டா வருவாய்த்துறை கணக்கு, அது மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது. ஈசில பதிவானதுதான் வரும். உயிலைப் பதியணும்னு கட்டாயமே இல்ல, அதனால வராமலே இருக்கலாம், சிவில் கோர்ட்ல ஓடுற பாகப்பிரிவினை கேஸ் வராது, பதியாம பேங்க்ல அசலை வச்சு வாங்குன கடனும் வராது. நல்ல வக்கீல் கோர்ட் கேஸ் விவரம் இருக்கிற இ-கோர்ட்ஸ் தளத்துல விக்கிறவர் பேரைப் போட்டு கேஸ் தேடுவாரு, அடமானத்துக்கு செர்சாய்ல (பேங்க் அடமானங்களைப் பதிஞ்சு வைக்கிற மத்தியப் பதிவேடு) தேடுவாரு, தேவைப்பட்டா பேப்பர்ல பொது அறிவிப்பு குடுக்கச் சொல்லுவாரு. ஆன்லைன் ஈசி ஒரு குறிப்பிட்ட வருஷத்துல இருந்துதான் கிடைக்கும், அதுக்கு முன்னாடி வேணும்னா ஆபீஸ்ல மனு போட்டு தேடணும், இதுக்கெல்லாம் ஆள் வேணுமில்ல?

கேள்வி: எங்க மாமா வக்கீல்தான், கிரிமினல் கேஸ்ல பேர் போனவர். அவர் பாத்துட்டு ஓகேன்னு சொன்னா போதுமா?
— வாசகி, நாகர்கோவில்

மாமாகிட்ட சொல்லி நல்ல சிவில் வக்கீலா ஒருத்தரைக் காட்டச் சொல்லுங்க. ஜாமீன் வாங்குற கை வேற, அறுபது வருஷ பத்திரத்தைக் கோர்த்துப் பாக்குற கை வேற. மாமா மனசு கோணாம கேக்குறது உங்க சாமர்த்தியம்.

கேள்வி: துபாய்ல இருக்கேன். ஊர்ல திருநெல்வேலி பக்கம் ஒரு தோட்டம் விலைக்கு வருது. அண்ணனுக்கு பவர் குடுத்து வாங்கலாம்னு இருக்கேன், வக்கீலையும் அண்ணனே பாத்துக்கிறேன்னு சொல்றான். இங்க இருந்துக்கிட்டு நான் எதை செக் பண்றது?
— வாசகர், துபாய்

தம்பி, மொதல்ல அது விவசாய நிலமான்னு பாருங்க. என்ஆர்ஐ விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதில அனுமதி இல்ல, பரம்பரையா வந்தா வச்சுக்கலாம். நீங்க கேள்வி கேட்டு முடிக்கிறதுக்குள்ளயே இதைச் சொல்ற வக்கீல்தான் உங்களுக்கு வேணும். மனையோ வீடோ வாங்கலாம், அதுல தடை இல்ல.

அப்படி வேற எதாவது வாங்குறதா இருந்தா, பவரை அங்க இந்தியத் தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணும், அது இந்தியா வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள இங்க முத்திரைத்தீர்வை கட்டி முறைப்படுத்தணும். இந்த கெடுவை விட்டுட்டு அப்புறம் ஓடுறவங்க நிறைய. பவர்ல எல்லா அதிகாரத்தையும் அள்ளிக் குடுக்காம, இந்த சர்வே நம்பர் வாங்குறதுக்கு மட்டும்னு எழுதுங்க. வக்கீலை நீங்களே வைங்க, சொத்து இருக்கிற மாவட்டத்து கோர்ட்ல பிராக்டிஸ் பண்றவரா இருக்கட்டும், ஃபீஸ் உங்க அக்கவுண்ட்ல இருந்து போகட்டும், ஒப்பீனியன் கையெழுத்தோட உங்க மெயிலுக்கு நேரா வரட்டும். அண்ணன் மேல சந்தேகம்னு இல்ல, அண்ணனுக்கும் இது நல்லதுதான், நாளைக்கு ஏதாவது ஆனா "நீதானே பாத்த"ன்னு யாரும் அவரைக் கேக்க மாட்டாங்க.

வக்கீலோட என்ரோல்மென்ட் நம்பரைக் கேளுங்க, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில்ல பதிஞ்ச நம்பர், நிஜமான வக்கீல் தயங்காம தருவாரு. விளம்பரத்தைப் பாத்துப் போகாதீங்க, வக்கீல் விளம்பரம் பண்ணவே கூடாதுங்கிறது விதி, அதை மீறுறவர் உங்க விஷயத்துல எதை மீறுவாரோ.

கேள்வி: வக்கீல் கிளியர்னு எழுதிக் குடுத்ததை நம்பி வாங்குனேன். இப்போ கோயில் நிலம்னு அறநிலையத்துறை நோட்டீஸ் வந்திருக்கு. அந்த வக்கீல் மேல கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் போடலாமா?
— வாசகர், கும்பகோணம்

போட முடியாது. 2024 மே 14ல உச்ச நீதிமன்றம், வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராதுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. பார் கவுன்சில்ல ஒழுங்கீனப் புகார் குடுக்கலாம், சிவில் கோர்ட்ல அஜாக்கிரதைக்கு நஷ்டஈடு கேக்கலாம். கிரிமினலா போகணும்னா வெறும் தப்பான ஒப்பீனியன் போதாது, மோசடில அவருக்கும் பங்கு இருக்குன்னு காட்டணும், பேங்க் பேனல் வக்கீல் ஒருத்தர் கேஸ்ல 2012லயே உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. எப்படிப் போனாலும் அவர் கையெழுத்து போட்ட ஒப்பீனியன் உங்ககிட்ட இருந்தாத்தான் பேச்சு, ஃபோன்ல "கிளியர் சார்"னு சொன்னதுக்கு ஒரு மதிப்பும் இல்ல.

அதைவிட அவசரம், நோட்டீஸுக்கு கெடுவுக்குள்ள பதில் குடுக்கிறது. அறநிலையத்துறை விஷயம் தெரிஞ்ச வேற வக்கீலைப் பாருங்க, பழையவர்கிட்டயே திரும்பப் போகாதீங்க, அவர் தன் ஒப்பீனியனைக் காப்பாத்தப் பாப்பாரா உங்களைக் காப்பாத்தப் பாப்பாரா. பழைய செட்டில்மென்ட் பதிவேடு, இனாம் (அந்தக் காலத்துல மானியமா விட்ட நிலம்) விவரம் எல்லாம் எடுக்கச் சொல்லுங்க, நோட்டீஸ் வந்த எல்லா நிலமும் கோயில் நிலம்னு முடிவாயிடாது. வித்தவர் மேலயும் கிரயப் பத்திரத்துல இருக்கிற உத்தரவாத வரியை வச்சு பணம் திரும்பக் கேக்க வழி இருக்கு.

கேள்வி: அடுத்த வாரம் கிரயம். முடிஞ்சதும் வக்கீல்கிட்ட இருந்து என்ன என்ன திருப்பி வாங்கணும்?
— வாசகி, ஈரோடு

தாய்ப்பத்திரம் உட்பட எல்லா அசலும், எண்ணி, லிஸ்ட் எழுதி, கையெழுத்தோட. லோன் இருந்தா அசல் பேங்க்குக்குப் போயிடும், அப்போ பேங்க் குடுக்கிற ரசீதுல ஒவ்வொரு பத்திர நம்பரும் இருக்கான்னு பாருங்க. ஒப்பீனியன் கையெழுத்தோட ஒரு காப்பி. பதிவாகி கொஞ்ச நாள் கழிச்சு உங்க பேர் ஏறுன ஈசி ஒண்ணு. முழு சர்வே நம்பரும் வாங்கியிருந்தா பட்டா தானா மாறுறதுக்கு வழி இருக்கு, உட்பிரிவு பண்ணணும்னா சர்வேயர் வந்து அளக்கணும், அந்த மனுவை யார் போடுறதுன்னு வக்கீல்கிட்ட இப்பவே பேசிடுங்க, கிரயம் முடிஞ்ச மறுநாள்ல இருந்து ஃபோன் எடுக்கமாட்டாங்க.